கல்லோடு வரும் கரி: மெலிந்த நிலக்கரி அடுக்குகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் வடக்கு நேட்டால் பகுதியில் இருக்கும் எங்கள் நியூகாசிலில் ஜூன், ஜூலை மாதங்கள்தான் குளிர்காலம். விடியற்காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெளுத்துக் கிடக்கும். என் சிறுவயதில் எங்கள் வீட்டுச் சமையலறையில் பெரிய இரும்பு நிலக்கரி அடுப்பு ஒன்று இருந்தது. பின்வாசலில் சாக்கு மூட்டையில் கரி இருக்கும். ஆயா மூட்டைக்குள் கைவிட்டு ஒவ்வொரு கட்டியாக எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்கு தூக்கிப் பார்ப்பார். சில கட்டிகள் நேரே அடுப்புக்குப் போகும். சிலவற்றை வாசலுக்கு அந்தப் பக்கம் எறிந்துவிடுவார். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பாகத்தான் தெரியும்.

"எப்படி ஆயா தெரியுது?"

"கனத்தைப் பாரு கண்ணு. கரி அவ்வளவா கனக்காது. கனத்தா அது கல்லு."

போன தீபாவளிக்கு டர்பனிலிருந்து என் அக்காவின் பேரன் வந்திருந்தான். பதினைந்து வயது. டன்ஹவுசர் பக்கம் காரில் போகும்போது புல் மூடிய பழைய சுரங்கக் கழிவு மேடு ஒன்றைக் காட்டினேன். "தாத்தா, கீழே கரி தீர்ந்துபோச்சா?" என்றான். தீரவில்லை, இன்னும் இருக்கிறது என்றேன். "அப்புறம் ஏன் மூடினாங்க?"

அடுக்கு மெலிசு, அழுக்கு அதிகம் என்று சொல்லி முடித்துவிட்டேன். வீடு வந்த பிறகும் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இரண்டும் தனித்தனிக் குறைகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அடுக்கு மெலிந்தாலே அழுக்கு தானாகக் கூடிவிடும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் வடக்கு நேட்டாலின் நிலக்கரிக் கதையில் பாதி புரிந்துவிடும். அவனுக்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். சுரங்கம் என்றால் என்னவென்றே தெரியாத யாரும் படிக்கலாம்.

முதலில் அடுக்கு என்றால் என்ன? நிலக்கரி மண்ணுக்கடியில் குவியலாகக் கிடப்பதில்லை. பாறைகளுக்கு நடுவே பாய் விரித்ததுபோல் பரந்து கிடக்கிறது. சுரங்கத்தில் இதை 'சீம்' என்பார்கள். மேலே உள்ள பாறை கூரை, கீழே உள்ளது தரை. கூரையும் தரையும் பெரும்பாலும் மணற்கல்லாகவோ களிமண் இறுகிய பாறையாகவோ இருக்கும். நடுவில் இருக்கும் கறுப்புப் பாயின் தடிமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ம்புமலாங்கா மாகாணத்தில் எமலாஷ்லேனி என்று ஓர் ஊர் உண்டு. பழைய பெயர் விட்பேங்க். எமலாஷ்லேனி என்றாலே 'கரி இருக்கும் இடம்' என்றுதான் பொருள். அங்கே பல மீட்டர் தடிமனுள்ள அடுக்குகள் உண்டு, ஆள் நிமிர்ந்து நடக்கலாம். எங்கள் பக்கம், அதாவது நியூகாசில், டண்டி, ஃப்ரைஹைட், யூட்ரெக்ட் வட்டாரத்தில், ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்பதே சாதாரணம். அதற்கும் குறைந்தவையும் உண்டு.

ஒரு மீட்டர் என்பதைச் சும்மா படித்துவிட்டுப் போகக் கூடாது. வீட்டில் சாப்பாட்டு மேசையைப் பாருங்கள். அதன் உயரம் முக்கால் மீட்டர் இருக்கும். அதைவிட ஒரு சாண் கூடுதலான உயரத்தில், இருட்டில், ஈரத்தில், பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஒரு முழு வேலைநாள் பிக்காக்ஸ் வீசுவதை நினைத்துப் பாருங்கள். என் தாத்தா செய்த வேலை அதுதான்.

இந்தக் கரி உருவானது ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது ஆப்பிரிக்காவும் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கோண்ட்வானா என்ற ஒரே நிலப்பரப்பாக இருந்தன. பெரும் பனியுகம் ஒன்று முடிந்து பனிப்பாறைகள் உருகியோடிய காலம் அது. குளிர்ந்த சதுப்பு நிலங்களில் குளோசாப்டெரிஸ் என்ற மரவகை வளர்ந்து, விழுந்து, அழுகாமல் தண்ணீருக்குள் தங்கிக் கரியானது. ஜார்க்கண்டின் ஜாரியாவிலும் வங்காளத்தின் ராணிகஞ்சிலும் இருப்பது இதே குடும்பத்துக் கரிதான். தமிழ்நாட்டின் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இந்தக் குடும்பமில்லை. அது மிகப் பிந்தியது. அதில் ஈரம் ஏறத்தாழ பாதி இருக்கும், சாம்பல் குறைவு.

கோண்ட்வானாக் கரிக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. மரங்கள் விழுந்துகொண்டிருந்த அதே சதுப்பில் ஆறுகள் சேற்றையும் மணலையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. அதனால் மண் கரிக்குள்ளேயே நுணுக்கமாகக் கலந்துவிட்டது. வெள்ளம் பெரிதாக வந்த ஆண்டுகளில் சதுப்பின்மேல் ஒரு சேற்றுப் படலம் படிந்து, அதன்மேல் மறுபடியும் காடு வளர்ந்தது. அந்தச் சேறுதான் இன்று அடுக்கின் நடுவே ஓடும் கல் பட்டை. ஒரு மீட்டர் அடுக்கில் இப்படி ஒரு சாண் தடிமனுள்ள கல் பட்டை ஓடினால், பெயருக்குத்தான் அது ஒரு மீட்டர்.

ஆக, கரியில் கலந்த அழுக்கு என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல. கரியோடு கரியாகக் கரைந்து கிடக்கும் நுண்ணிய களிமண் ஒன்று. இதைக் கையால் பிரிக்கவே முடியாது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் உப்பைப் பொறுக்கி எடுக்க முடியுமா? அதுபோலத்தான். நடுவே ஓடும் கல் பட்டையும், வெட்டும்போது கூரையிலிருந்தும் தரையிலிருந்தும் வந்து சேரும் பாறையும் வேறு ரகம். இவை அரிசியில் கிடக்கும் கல் மாதிரி, பிரிக்கலாம். மூன்றாவதாகப் பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது, உடைத்த கரியில் பொன்னிறப் பொட்டுகளாக மின்னும். பார்க்க அழகு, செய்வதெல்லாம் கேடு. எரித்தால் கந்தகப் புகை வரும். ஈரத்தில் கிடந்தால் என்ன செய்யும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவையும் ஒரே எண்ணில் சொல்ல ஆய்வகத்தில் ஒரு வழி உண்டு. கரியைப் பொடித்து, சிறு கிண்ணத்தில் நிறுத்து, 815 டிகிரி வெப்பத்தில் முழுக்க எரித்துவிடுவார்கள். மிஞ்சுவதை மறுபடியும் நிறுப்பார்கள். 100 கிராமில் 15 கிராம் மிஞ்சினால் 'சாம்பல் 15 சதவீதம்'. கரி விற்பவர், வாங்குபவர் எல்லாரும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். ஆயாவின் அடுப்பிலும் இதேதான் நடந்தது. நல்ல கரி எரிந்தால் மெல்லிய மாவுபோல் சாம்பல் விழும். கல் கரி எரிந்தால் சாம்பல் உருகிக் கிட்டமாக இறுகி, அடுப்பின் கம்பித் தட்டை அடைத்துவிடும். காலையில் அதைக் கம்பியால் குத்தி உடைக்கும் வேலை என்னுடையது.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். எளிமைக்காக ஒரு கன மீட்டர் கரி 1.5 டன், ஒரு கன மீட்டர் பாறை 2.5 டன் என்று கொள்வோம். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் கூரையில் 10 சென்டிமீட்டர், தரையில் 10 சென்டிமீட்டர் பாறை சேர்ந்து வந்துவிடுகிறது என்று வைப்போம். பாறை என்ன, கோடு கிழித்துக்கொண்டா உடையும்?

அடுக்கு 4 மீட்டர் தடிமன் என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் கரி 6 டன், பாறை அரை டன். மொத்தம் 6.5 டன், அதில் பாறை ஏறத்தாழ 8 சதவீதம். அதே 20 சென்டிமீட்டர் பாறை 1 மீட்டர் அடுக்கில் வந்தால் கரி 1.5 டன், பாறை அரை டன். மொத்தம் 2 டன், அதில் கால் பங்கு பாறை! வெட்டியவர் அதே ஆள், அதே கவனம், அதே பிழை. அடுக்கு மெலிந்தது ஒன்றுதான் வித்தியாசம். அந்தக் கரிக்குச் சொந்தமாகச் சாம்பல் 15 சதவீதம் இருந்ததென்றால், பாறையில் பத்தில் ஒன்பது பங்கு எரியாமல் மிஞ்சும் என்று வைத்தால், பாறையும் சேர்ந்த பிறகு 4 மீட்டர் அடுக்கில் அது 21-க்குப் பக்கத்தில் நிற்கும். 1 மீட்டர் அடுக்கில் 34-க்கு ஏறிவிடும். சுரங்கத்துக்கு உள்ளே நல்ல கரியாக இருந்தது, வெளியே வரும்போது மட்டமான கரியாகிவிடுகிறது.

இயந்திரம் வந்தால் கணக்கு இன்னும் மோசம். ஒரு வெட்டும் இயந்திரம் உள்ளே நுழைய 1.3 மீட்டர் உயரம் வேண்டும், அடுக்கோ 90 சென்டிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 40 சென்டிமீட்டரைப் பாறையில் வெட்டித்தான் ஆக வேண்டும். உயரத்தில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாறை கனம் என்பதால் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். கரி வெட்டப் போய்ப் பாறை வெட்டிக்கொண்டிருப்பதாகவே ஆகிவிடும். அந்தப் பாறைக்கும் டீசல், மின்சாரம், வெட்டுப்பல், கூலி எல்லாம் செலவாகிறது.

சரி, இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் நூறு ஆண்டுக்கு மேல் இங்கே வெட்டினார்கள்? எங்கள் கரியின் தரம்தான் காரணம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டிராக்கன்ஸ்பர்க் மலையின் எரிமலைப் பாறை பொங்கி வழிந்த அதே காலத்தில், உருகிய பாறைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையிலும் குறுக்கிலும் புகுந்து டாலரைட் என்ற கருங்கல்லாக இறுகியது. அந்தச் சூடு பக்கத்திலிருந்த கரியைச் சுட்டு, அதிலிருந்த வாயுவை ஓட்டிவிட்டது. அளவாகச் சூடு பட்ட இடத்தில் ஆந்த்ரசைட் கிடைத்தது. புகை மிகக் குறைவு, வெப்பம் அதிகம். சில இடங்களில் இரும்பு உருக்கத் தேவையான கோக் செய்யும் கரி கிடைத்தது. மிக நெருக்கத்தில் சூடு பட்ட இடத்தில் கரி வெந்து வீணானது. டாலரைட் சுவர் அடுக்கைக் குறுக்கே வெட்டும் இடத்தில் கரி திடீரென்று காணாமல் போகும். தாண்டிப் போனால் மேலேயோ கீழேயோ தள்ளிக் கிடக்கும். நல்லதைக் கொடுத்ததும் தொல்லை கொடுத்ததும் ஒரே கல்தான். ஃப்ரைஹைட் பக்கம் ஷ்லோபானே மலைபோல உச்சி தட்டையான மலைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த உச்சியில் தொப்பிபோல் உட்கார்ந்து மழைக்கும் காற்றுக்கும் கரையாமல் நிற்பது இதே டாலரைட்.

ரயில் பாதை 1890-ஐ ஒட்டி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் நேட்டால் கரி டர்பன் துறைமுகத்துக்குப் போய் நீராவிக் கப்பல்களில் ஏறியது. ஆட்கள் வேண்டியிருந்தது. ஜூலு மக்களோடு, கரும்புத் தோட்டத்துக்கென்று கப்பலில் வந்த நம் ஒப்பந்தக் கூலிகளும் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்டார்கள். 1913 அக்டோபரில் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு பெண்கள் குழு நியூகாசிலுக்கு வந்தது. பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தை. தம்பி நாயுடுவும் உடன் வந்தார். ஒப்பந்தம் முடிந்தவர்கள்மேல் போட்டிருந்த 3 பவுண்டு வரியை எதிர்த்து வேலையை நிறுத்துங்கள் என்று அந்தப் பெண்கள் சுரங்கத் தொழிலாளர்களைக் கேட்டார்கள். தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். நவம்பர் 6-ஆம் தேதி 2,000-க்கும் மேற்பட்டோர் காந்தியோடு மாகாண எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலின் வோல்க்ஸ்ரஸ்டுக்கு நடந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த வரி ஒழிந்தது. வரலாற்றுப் புத்தகங்கள் அந்த நடையைச் சொல்கின்றன. நடந்த கால்கள் அதுவரை எந்த உயரத்தில் மடங்கிக் கிடந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

கையால் வெட்டிய காலத்தில் ஒரு நன்மை இருந்தது. மனிதக் கண் கல்லையும் கரியையும் பிரித்தறியும். அடுக்கின் அடியில் முதலில் குடைந்து, பிறகு மேலே உள்ள கரியை ஆப்பு வைத்தோ வெடி வைத்தோ இறக்குவார்கள். விழுந்ததில் கல்லை ஒதுக்கி, கரி எடுத்துவிட்ட வெற்றிடத்திலேயே அடுக்கிவிடுவார்கள். கல் மேலே வரவே வராது. தாத்தா வேலை பார்த்த இடத்தில் தள்ளுவண்டியில் கல் கலந்திருந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்களாம். அதையும் தாண்டி வந்த கல்லை, வெளியே கரியைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் இரு பக்கமும் ஆட்கள் நின்று பொறுக்குவார்கள். இயந்திரத்துக்குக் கண் இல்லை. எதிரில் இருப்பதையெல்லாம் அரைத்துத் தள்ளிவிடும்.

இயந்திர முறைகளை மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் அதிகம் புழங்குவது தூண் விட்டு வெட்டும் முறை. ஊர்த் தெருக்கள்போல் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு போய், நடுவில் கரியையே தூண்களாக விட்டுவிடுவார்கள். அந்தத் தூண்கள்தான் கூரையைத் தாங்கும். இன்னொன்று, நீண்ட ஒரே முகப்பை முழுதாக வெட்டிக்கொண்டே போய், பின்னால் கூரையை விழவிடும் முறை. மெலிந்த அடுக்குக்கு ஜெர்மனியில் ஒரு கலப்பை வைத்திருந்தார்கள். சங்கிலியில் கட்டிய இரும்புக் கலப்பை கரி முகப்பை உரசிச் சீவிக்கொண்டே ஓடும். நம் தேங்காய்த் துருவல் மாதிரி. பாறையை அதிகம் தொடாது. மலைச்சரிவில் கரி வெளியே தெரியும் இடங்களில் பெரிய துரப்பணத்தை நேராக உள்ளே செலுத்திக் கரியைச் சுருளாக வெளியே இழுப்பதும் உண்டு. ஆள் உள்ளே போக வேண்டியதில்லை. திறந்தவெளியில் தோண்டுவதானால், மேல்மண் கணக்கைப் பார்க்க வேண்டும். 10 மீட்டர் மண்ணை அகற்றி 1 மீட்டர் கரி எடுத்தால், ஒரு டன் கரிக்கு ஆறரை கன மீட்டருக்கு மேல் மண் வாரியாக வேண்டும். அதே மண்ணுக்கடியில் 5 மீட்டர் கரி இருந்தால் ஒன்றேகால் சொச்சம்தான்.

தூண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1960 ஜனவரி 21 அன்று, ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் கோல்புரூக் சுரங்கத்தில் தூண்கள் வரிசையாக நொறுங்கி 435 பேர் உள்ளேயே புதைந்தார்கள். அவர்கள் உடல்கள் வெளியே வரவேயில்லை. அதற்கப்புறம்தான் தூண் எவ்வளவு தாங்கும் என்று முறையாக ஆராய ஆரம்பித்தார்கள். சாலமன், மன்ரோ என்ற இருவர் நிலைத்து நின்ற 98 இடங்களையும் இடிந்துபோன 27 இடங்களையும் ஒப்பிட்டு 1967-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன் சாரம்: தூண் அகலமானால் பலம் கூடும், உயரமானால் குறையும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே அகலத்தில் 3.6 மீட்டர் உயரத் தூணைவிட 1.2 மீட்டர் உயரத் தூண் இரண்டு மடங்கு பலம். குட்டையான தூணை நம்பலாம் என்பதால், மெலிந்த அடுக்கில் சிறிய தூண்களை விட்டுவிட்டுக் கரியில் பெரிய பங்கை எடுக்க முடியும். மெலிவுக்கு இப்படி ஒரு நல்ல பக்கமும் உண்டு என்பது எனக்கே நெடுநாள் தெரியாது.

வெளியே வந்துவிட்ட கல்லை எப்படிப் பிரிப்பது? இதற்கு நம் வீட்டுச் சமையலறையே போதும். ஆயா அரிசி அரிக்கும்போது பார்த்திருக்கிறேன். பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, மெல்ல ஆட்டி, அரிசியை மட்டும் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குச் சாய்ப்பார். கடைசியில் அடியில் கல் மட்டும் தங்கும். அரிசி இலேசு, கல் கனம். தண்ணீர் அசையும்போது கனமானது அடிக்குப் போகிறது. நிலக்கரி கழுவும் ஆலையில் பழைய முறை இதேதான். தண்ணீரைக் கீழிருந்து மேலே துடிக்கவிட்டால் கரி மேலடுக்காகவும் கல் கீழடுக்காகவும் பிரியும்.

அடுத்த முறை இன்னும் துல்லியம். வெறும் தண்ணீரில் முட்டை மூழ்கும், உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மிதக்கும். தண்ணீர் கனமாகிவிட்டது, அவ்வளவுதான். கரி தண்ணீரைவிட 1.3 முதல் 1.5 மடங்கு கனம், கல் இரண்டரை மடங்கு. நடுவில், 1.6 மடங்கு கனமுள்ள ஒரு திரவம் கிடைத்தால்? கரி மிதக்கும், கல் மூழ்கும். அந்தத் திரவத்தை மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதை மைபோல் அரைத்துத் தண்ணீரில் கலந்து செய்கிறார்கள். எவ்வளவு தாது கலக்கிறோமோ அதைப் பொறுத்துக் கனத்தை ஏற்றலாம், இறக்கலாம். வேலை முடிந்ததும் கரிமேல் ஒட்டிய தாதை நீரடித்துக் கழுவி, காந்தத்தால் இழுத்து மறுபடியும் பயன்படுத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்த தொழில்நுட்பம் இது. ஆயா உள்ளங்கையில் செய்ததைத்தான் இவ்வளவு பெரிய ஆலையில் செய்கிறார்கள்.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. தூய கரியும் தூய கல்லும் மட்டும் இருந்தால் வேலை சுலபம். இரண்டும் கெட்டானாக, பாதி கரி பாதி களிமண்ணாக, 1.6-ஐ ஒட்டிய கனத்தில் கிடக்கும் கட்டிகள்தான் தொல்லை. திரவத்தைக் கொஞ்சம் கனமாக்கினால் அவை மிதந்து கரியோடு சேர்ந்து தரத்தைக் கெடுக்கும். இலேசாக்கினால் மூழ்கி, தங்களுக்குள் இருக்கும் கரியையும் கொண்டுபோகும். கோண்ட்வானாக் கரியில் இந்த நடுத்தரக் கட்டிகள் ஏராளம். இன்னும் பொடியாக உடைத்தால் கரியும் கல்லும் பிரியுமே என்று கேட்கலாம். பிரியும். ஆனால் தூள் அதிகமாகும். தூள் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. ஈரக் கரியை யார் வாங்குவார்கள்?

ஆகவே ஒவ்வொரு சுரங்கமும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: எவ்வளவு தூய்மை வேண்டும், அதற்காக எவ்வளவு கரியை இழக்கலாம்? அந்த முடிவு வாங்குபவரைப் பொறுத்தது. உருக்காலைக்குச் சாம்பல் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கந்தகமும் பாஸ்பரசும் இரும்பைக் கெடுத்துவிடும். ஏற்றுமதிக்கு 15-ஐ ஒட்டி இருந்தால் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போகும். அரசு மின் நிறுவனமான எஸ்கோமின் மின் நிலையங்கள் 30 சதவீதச் சாம்பல் உள்ளதையும் எரிக்கும். வால் ஆற்றுப் பக்கம் உள்ள லெத்தாபோ நிலையத்தின் கொதிகலன்கள் 40 சதவீதத்தை ஒட்டிய சாம்பல் கொண்ட கரிக்கென்றே கட்டப்பட்டவை. தடித்த அடுக்குக்காரர் ஒரே கரியை இரண்டு முறை கழுவி, முதல் தரத்தைக் கப்பலுக்கும் இரண்டாம் தரத்தை மின் நிலையத்துக்கும் அனுப்பிச் சமாளிப்பார். மெலிந்த அடுக்குக்காரர் 100 டன் வெட்டி, 60 டன் விற்று, 40 டனை வாசலில் கொட்டினால், அந்த 60 டன்தான் 100 டன்னின் செலவையும் சுமக்க வேண்டும். கரி விலை உயர்ந்திருக்கும்வரை ஓடும். விலை சரிந்தால் முதலில் மூடுவது இந்தச் சுரங்கத்தைத்தான். அக்காவின் பேரனுக்கு நான் காரில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

வாசலில் கொட்டிய அந்த 40 டன் அங்கேயே அமைதியாகக் கிடக்குமா? அதில் கரித்தூளும் பைரைட்டும் கலந்திருக்கிறது. காற்றுப் பட்டு உள்ளுக்குள் சூடேறித் தானாகப் பற்றிக்கொள்ளும் மேடுகள் உண்டு. பல ஆண்டுகள் புகைந்துகொண்டே இருக்கும். மழை பெய்தால் பைரைட், தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்து கந்தக அமிலமாகிறது. கூடவே இரும்பும் கரைந்து வந்து ஓடைக் கல்லெல்லாம் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் படிந்துவிடும். கைவிட்ட சுரங்கத்துக்குள் தண்ணீர் நிரம்பினாலும் இதே கதைதான். மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அமிலத் தண்ணீர் கசிவது நிற்காது. ஆண்டுக்கணக்கில் விற்ற கரிக்கு, அதன் பிறகு வரும் எல்லா ஆண்டுகளிலும் ஓடை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் செலவை ஆரம்பத்திலேயே கரியின் விலையில் சேர்த்திருந்தால் பல மெலிந்த அடுக்குகளை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம் தூசு. மெலிந்த அடுக்கில் கூரை, தரைப் பாறையை வெட்டுகிறோம் என்று சொன்னேன் அல்லவா? அந்த மணற்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதாவது சிலிக்கா. கரித்தூசே நுரையீரலுக்குக் கெடுதல்; சிலிக்காத் தூசு அதைவிடப் பல மடங்கு கொடியது. நுரையீரலில் தழும்பு தழும்பாக இறுகிவிடும். அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியில் தடித்த அடுக்குகள் தீர்ந்து மெலிந்தவற்றுக்குப் போன பிறகு, ஒழிந்துவருவதாக நினைத்த சுரங்க நுரையீரல் நோய் இளம் வயதினரிடமே கடுமையாகத் திரும்பியிருக்கிறது. காரணமாக ஆய்வாளர்கள் முதலில் காட்டுவது இந்தப் பாறைத் தூசைத்தான். வெட்டுப்பல் மணற்கல்லில் உரசினால் தீப்பொறியும் பறக்கும். மீத்தேன் வாயு இருக்கும் சுரங்கத்தில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டும் இடத்தில் தண்ணீர் பீச்சுவதும், நல்ல காற்றோட்டமும், சுவர்களில் சுண்ணாம்புக்கல் தூள் தூவுவதும் இதற்காகத்தான்.

தாத்தா காலத்தில் தண்ணீர் பீச்சும் ஏற்பாடெல்லாம் இல்லை. 1930-களில் அவர் உள்ளே இறங்கியவர். எனக்கு நினைவிருக்கும் தாத்தா கட்டிலில் படுக்கமாட்டார். படுத்தால் மூச்சு வாங்கும். அடுப்புப் பக்கம் நாற்காலியில் தலையணையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தபடியே தூங்குவார். வாசலிலிருந்து கேட்டுக்கு இருபது அடி இருக்கும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை நின்று இளைப்பாறுவார். சாம்பல் சதவீதம் என்று எங்கே படித்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இருமல்தான்.

அக்காவின் பேரன் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள், வராந்தாவில் ஒரு சோதனை செய்தோம். பழைய மூட்டையில் மிஞ்சியிருந்த மூன்று கட்டிகள், சமையலறைத் தராசு, அளவுக்கோடு போட்ட ஒரு ஜாடி. ஒவ்வொன்றையும் நிறுத்தான். பிறகு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, கட்டியை முழுக்க அமிழ்த்தி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தான். முதல் கட்டி 280 கிராம், ஏறிய தண்ணீர் 205 மில்லி. வகுத்தால் 1.37, நல்ல கரி. இரண்டாவது 300 கிராமுக்கு 150 மில்லி, சரியாக 2. அதை அவனே வெளியே போட்டுவிட்டான். மூன்றாவது 240 கிராமுக்கு 150 மில்லி: 1.6. இதை என்ன செய்வது என்று என்னைப் பார்த்தான். சுத்தியலால் உடைக்கச் சொன்னேன். உடைந்த முகத்தில் பளபளக்கும் கறுப்புக் கோடும் மங்கிய சாம்பல் கோடும் மாறி மாறி, ஒவ்வொன்றும் நகத்தின் தடிமன்கூட இல்லாமல், இருபது முப்பது வரிசை. விரலால் எண்ண ஆரம்பித்தான். பாதியில் எண்ணிக்கை தப்பிப்போய், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான்.